புதன் மாலை நாலு பத்து

நேற்று அந்த ஆளிடம் சொன்ன ஒன்பது வாக்கியங்களில் எது மிக நல்ல வாக்கியம் என்று அங்கயற்கண்ணி காலை ஆறு மணியிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள். ஏழாவதுதான். சந்தேகமே இல்லை. "சார், காடு ஒண்ணும் உங்க ஸ்டூடியோ திரைச்சீலை இல்லை." அதை வாய்க்குள்ளேயே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள், உதடு அசையாமல், இந்தக் கூடாரத்துக்குள் உதடு அசைவதுகூடச் சத்தம்தான் என்று சட்டம் போட்டவளே அவள்தான். ஒன்பதாவது கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, நடுவில் மூச்சு வாங்கியிருக்கக் கூடாது. பரவாயில்லை. அந்த ஆள் போய்விட்டார், அதுதானே முக்கியம், தோளில் குழந்தையைப் போலத் தூக்கி வைத்திருந்த லென்ஸோடு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். ஆனால் பறவை வரவில்லை. கருநீரோடைக் காப்புக்காட்டுக்குள்ளே, கடைசி பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஜீப்பில் இரண்டு மணி நேரம், பிறகு நடையாக ஒரு மணி நேரம் என்று வந்து சேர்ந்த இந்தச் சரிவில், பச்சைத் துணிக் கூடாரத்துக்குள் காலை மடக்கி உட்கார்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிவிட்ட ஒரு சதுரம் வழியாக எதிரே நிற்கும் வெடிப்பலா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்தில் நாற்பதடி உயரத்தில் ஒரு பொந்து. பொந்தின் வாய் மண்ணும் எச்சமும் பழச்சக்கையுமாக அடைபட்டு, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீறல் மட்டும் திறந்திருந்தது. அந்தக் கீறலுக்குப் பின்னால் ஒரு பெண் இருவாச்சி தன்னைத் தானே உள்ளே வைத்துப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சிறகெல்லாம் உதிர்ந்துவிட்டது, பறக்க முடியாது. கூட ஒரு குஞ்சு. வெளியிலிருந்து ஆண் கொண்டுவந்து கீறல் வழியாக ஊட்டினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. புதன்கிழமை மாலையிலிருந்து இல்லை. இன்று வெள்ளி. மணி எட்டே முக்கால்.

அந்த ஆள்தான் காரணம். அதில் வாதத்துக்கு இடமே இல்லை, வாதத்துக்கு இடமில்லாத விஷயம் என்று உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். பேர் சபாபதி. கோயமுத்தூரில் ஏதோ உரக் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவராம். தொப்பியிலிருந்து ஷூ வரைக்கும் இலைப் படம் போட்ட உடுப்பு, காட்டோடு காடாகக் கலந்துவிட, ஆனால் இருபதடிக்கு முன்னாலேயே சென்ட் வாசனை. நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு அவள் வந்தபோது கூடாரத்துக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கைப்பேசியில் இருவாச்சியின் குரலைப் போட்டுக்கொண்டிருந்தார். குரல் கேட்டு ஆண் வருமாம். வந்ததும் க்ளிக். சொந்தக் கூட்டுக்குப் பக்கத்தில் வேறொரு ஆண் கத்துகிறது என்று நினைத்து அது எவ்வளவு பதறும் என்று கேட்டாள். அது முதல் வாக்கியம். கூட்டுக்குக் காவலிருக்கும் ருக்குமணி அக்கா கூடாரத்துக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, ஆமை மாதிரி, இவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சபாபதி ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னார். "ஏம்மா, பறவையே வரலையே, எதை நான் விரட்டினேன்?" அதற்கு அவள் என்ன சொன்னாள்? ஐந்தாவது வாக்கியம். "வராததுக்குக் காரணமே நீங்கதானே சார்." டக்கென்று வந்தது. கல்லூரியில் பட்டிமன்றம் என்றால் அங்கயற்கண்ணியைக் கடைசிப் பேச்சாளராகத்தான் போடுவார்கள். எதிரணி சொன்னதையே பிடித்து எதிரணி தலையில் கவிழ்ப்பாள் என்று. நடுவராக வந்த ஒரு பேராசிரியர், "இந்தப் பொண்ணு சொல்றது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல, ஆனா மறுக்க முடியல" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் சிரித்தாள். சரியா தப்பா என்று தெரியவில்லை என்றாரே, அதை அப்போது ஏன் கவனிக்கவில்லை? இப்போது எதற்கு அது? இப்போது மரத்தைப் பார்.

மரம் அப்படியே நின்றது. சில்வண்டு ஒன்று ஆரம்பித்து, அதைப் பார்த்து நூறு ஆரம்பித்து, காது நிறைந்து, பிறகு யாரோ சுவிட்சை அணைத்தது போல் நின்றது. துணிக்குள்ளே காற்று இல்லை. பல்கலைக்கழக ஆய்வகத்தின் அலமாரியில் ஆறு வருடம் மடங்கிக் கிடந்த துணி, ஃபார்மலினும் பாச்சை உருண்டையுமாக ஒரு வாசனை. கடிதம் எழுதி, கையெழுத்து வாங்கி, மதுரையிலிருந்து மூன்று பஸ் மாறி அவள் மடியில் வைத்துக்கொண்டு வந்தது. வலது கணுக்காலில் ஒரு குளிர்ச்சி. அட்டை. பார்க்காமலேயே தெரிந்தது. முதல் நாள் அலறியிருக்கிறாள், இன்று அசையவில்லை, குடித்துவிட்டுப் போகட்டும், உள்ளே இருப்பவளுக்கு இரண்டு நாளாக ஒன்றுமில்லை, இதற்காவது கிடைக்கட்டும். காலை ஏழு மணிக்குக் கீறலில் அலகின் நுனி தெரிந்தது. மஞ்சளாக, நகம் மாதிரி. வெளியே வந்து, காற்றை இரண்டு தடவை கவ்விவிட்டு உள்ளே போனது. அதற்குப் பிறகு இல்லை. தூங்குகிறதா? குஞ்சு கத்தினால் இங்கே கேட்கும். புதன்கிழமை கேட்டது, கதவுக் கீல் மாதிரி ஒரு சத்தம். இன்று கேட்கவில்லை. ஒன்பது வயதில் கீழவாசல் வாடகை வீட்டுக் குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து மாட்டிக்கொண்டது. தாழ்ப்பாள் போடாதே போடாதே என்று அம்மா சொன்னதற்கு, கதவு இருப்பதே மூடத்தான் என்று வாதம் பண்ணி உள்ளே போனவள். இரண்டு மணி நேரம். அப்பா அச்சகத்திலிருந்து வரவேண்டும், ஆசாரி வரவேண்டும். கதவுக்கு வெளியே அம்மா பேசிக்கொண்டே இருந்தாள், ரசத்துக்குப் புளி கரைத்ததிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி சண்டை வரைக்கும். கொஞ்ச நேரம் அம்மாவின் பேச்சு நின்றது. அரிசி களைய அடுப்படிக்குப் போயிருக்கிறாள், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரம்தான் இன்னும் கனவில் வருகிறது. குழாயிலிருந்து சொட்டு விழுந்தது, பச்சை பெயிண்ட் கதவில் பொருக்கு, யாரும் வரமாட்டார்கள் என்ற நிச்சயம். ஒன்பது வயதில் நிச்சயம் என்றால் என்னவென்று தெரியுமா? தெரியும். அன்றுதான் தெரிந்தது. ஆனால் இது தானே பூசிக்கொண்டு உட்கார்ந்த பறவை. தானே நம்பி உள்ளே போனது. நம்பிக்கை என்று எழுதினால் விலங்கியல் துறை மேடம் சிவப்பு மையில் அடித்துவிட்டு 'இனப்பெருக்க நடத்தை' என்று எழுதுவார். சரி, நடத்தை.

புதன்கிழமை எப்படி இருந்தது! அன்று கூடாரம் இல்லை. இதே சரிவில், இன்னும் கொஞ்சம் பின்னால், ஒரு நாங்கு மரத்தின் வேர்மேல் ருக்குமணி அக்கா சாவகாசமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அக்கா இந்தக் காட்டிலேயே இருக்கும் காடர் குடியிருப்பைச் சேர்ந்தவள், முப்பது வயது இருக்கும், கூட்டைக் கவனிப்பதற்கென்று வனத்துறை வைத்திருக்கும் காவல் ஆள். வெற்றிலையை மென்றுகொண்டே, மகன் பள்ளி விடுதியில் பேன் பிடித்து வந்த கதையை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கயற்கண்ணிக்கு உடம்பெல்லாம் கூசியது. இதுவா கூட்டைக் கண்காணிக்கும் லட்சணம்? அப்போதுதான் தலைக்கு மேலே அந்தச் சத்தம். பழைய நீராவி ரயில் மேட்டில் ஏறுவது போல, புஸ்... புஸ்... என்று, சிறகா அது, யாரோ ஆகாயத்தைத் துருத்தி வைத்து ஊதுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். பெரிய மஞ்சள் அலகு, அதன்மேல் கவிழ்த்து வைத்த படகு போல ஒரு கொண்டை, கறுப்பும் வெள்ளையுமாக விரிந்த வால். மரத்தில் ஒட்டிக்கொண்டு, தொண்டையிலிருந்து ஒவ்வொரு அத்திப்பழமாக எடுத்து, அலகு நுனியில் வைத்துக் கீறலுக்குள் நீட்டியது. உள்ளேயிருந்து ஓர் அலகு வாங்கியது. நீட்டியது, வாங்கியது. அவள் அழுதுவிட்டாள். அழுதது யாருக்கும் தெரியாது. மூக்கை உறிஞ்சியதை அக்கா சளி என்று நினைத்து, ஆடாதோடைக் கசாயம் போட்டுத் தரவா என்று கேட்டாள். அழுத கையோடு கோபமும் வந்தது. இவ்வளவு பெரிய விஷயம் நடக்கும் இடத்தில் இவ்வளவு பேச்சா, வெற்றிலையா, பேன் கதையா? அன்று மதியமே வனத்துறை முகாமுக்குப் போய் ரேஞ்சரைப் பிடித்தாள். முறையான மறைப்பு வேண்டும், சத்தம் கூடாது, இன்னும் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும், பறவைக்கு மனிதன் இருப்பதே தெரியக் கூடாது. இருபது நிமிடம் பேசினாள். ரேஞ்சர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "சரிம்மா, போட்டுத்தான் பாருங்களேன், உங்ககிட்டே யாரு பேசறது" என்றார். கூட வந்திருந்த ருக்குமணி அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வாயெடுத்தாளா? ஆமாம். "இல்ல, அது பழகின..." என்று ஆரம்பித்தாள். அங்கயற்கண்ணி அந்த வாக்கியத்தை முடித்து வைத்தாள், வேறு விதமாக. அன்றைக்கே திரும்பி வந்து, மாலை ஐந்து மணிக்குள், ஆண் போனபிறகு, இருவருமாகக் கூடாரத்தை அடித்து நிறுத்தினார்கள்.

ஐந்து மணிக்குள். இந்த இடத்தில் ஏதோ ஒன்று மனசில் மாட்டியது, புடவை முந்தி ஆணியில் மாட்டுமே அது மாதிரி. அவள் அதை விடுவித்துக்கொண்டு மேலே போனாள். புகார்க் கடிதம். நேற்று மாலை முகாமில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள், முத்து முத்தான கையெழுத்தில் இரண்டு பக்கம். மேற்படி சபாபதி என்பவரை இந்தக் காட்டில் இனி அனுமதிக்கக் கூடாது. மற்றக் காப்புக்காடுகளுக்கும் தெரிவிக்கவேண்டும். அவருடைய வருகைக்குப் பிறகு ஆண்பறவை கூட்டுக்கு வரவில்லை. இன்று மதியம் ஒரு மணிக்குக் கிளம்பும் ஜீப்பில் கடிதம் கீழே சரக அலுவலகத்துக்குப் போகும், அதே ஜீப்பில் அவளும் போவாள், நான்கு நாள் அனுமதி முடிகிறது. அவருடைய வருகைக்குப் பிறகு வரவில்லை. நல்ல வாக்கியம். உண்மையான வாக்கியம். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஏம்மா, பறவையே வரலையே, எதை நான் விரட்டினேன்? சும்மா இருங்கள் சார். முன்னால் வந்ததா? அதை யாரும் கேட்கவில்லை. நீ கேட்டாயா? வருகைக்குப் பிறகு வரவில்லை என்றால் வருகைக்கு முன் வந்தது என்றுதானே படிக்கிறவன் எடுத்துக்கொள்வான்? அதை நான் எழுதவில்லையே. எழுதவில்லை. எழுதாமலேயே சொல்லியிருக்கிறாய். அவளுக்குக் காது மடல் சுட்டது. பக்கத்தில் ருக்குமணி அக்காவின் மடியில் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் இருந்தது, இருபத்து மூன்று நாளாக ஆண் வந்த நேரமெல்லாம் எழுதியது. சத்தம் வராமல் அதை இழுத்துத் திருப்பினாள். ஒவ்வொரு நாளும் காலையில் முதல் வரி ஆறரை, ஆறு நாற்பது, ஆறரை. ஒரு நாள்கூட ஏழைத் தாண்டவில்லை. கடைசியாக வந்தது புதன் மாலை நாலு பத்து. அடுத்த பக்கம் வியாழன். அக்காவின் கையெழுத்து உருண்டை உருண்டையாக: 6 மணி வரலை. 7 மணி வரலை. 8 மணி வரலை. 9 மணி கேமராக்காரர் வந்தார். அம்மிணி வந்தது. சண்டை.

மூன்று 'வரலை' முடிந்த பிறகுதான் சபாபதி வருகிறார். இதை நேற்றே பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் கடிதம் எழுதினாள். பார்த்தது கண், எழுதியது கை, நடுவில் இருந்தவள் எங்கே போனாள்? இரு, அவசரப்படாதே, எதிரணிக்கும் வாய்ப்புக் கொடு. புதன்கிழமையே அவர் வந்து ஒளிந்திருக்கலாமே? முடியாது, வியாழன் காலை முதல் ஜீப்பில்தான் வந்தார், கேட்டில் கையெழுத்து இருக்கிறது. பழம் தீர்ந்திருக்கலாமே? ஓடைக்கு அந்தப் பக்கத்து அத்தி மரம் பழுத்துத் தொங்குகிறது, மலையணில் காலையிலிருந்து அங்கேதான் கொட்டமடிக்கிறது. கழுகு அடித்திருக்கலாமே? அடித்திருக்கலாம். அடித்திருக்கலாம் என்று சொன்னபோது ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதியைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது. பறவை செத்திருந்தால் தேவலை என்று நினைக்கிறாயா அங்கை? நீ ஜெயிக்க அது சாகவேண்டுமா? இல்லை, அப்படி இல்லை, நான் சொல்ல வந்தது... விடுதி மெஸ்ஸில் வாரம் இரண்டு நாள் முட்டை வேண்டும் என்று வார்டனோடு வாதாடி ஜெயித்தாள். முட்டை வந்தது, பொரியல் நின்றது. முட்டை சாப்பிடாத பிள்ளைகள் பதினோரு பேர் ஒரு பருவம் முழுக்க ஊறுகாயோடு சாப்பிட்டார்கள். அதற்கும் அவள் வார்டனைத்தான் திட்டினாள். நியாயம்தான், பொரியலை நிறுத்தியது வார்டன். ஆனால் அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி, சாந்த நாயகி என்று, அதிகம் பேசாத பெண், ஒரு நாள் தட்டைக் கழுவிக்கொண்டே, "உனக்கு ஜெயிச்சா போதும்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மணி என்ன என்பது போலச் சொன்னாள்.

அந்த நேரத்தில் சத்தம் வந்தது. புஸ்... புஸ்... புஸ்... முதலில் தூரத்தில், பிறகு நேராகத் தலைக்கு மேலே. அங்கயற்கண்ணி சதுரத்துக்குள் கண்ணை வைத்தாள். மரம் தெரிந்தது, பொந்து தெரிந்தது, பொந்துக்கு மேலே ஒரு கிளை தெரிந்தது, அவ்வளவுதான் தெரியும், அந்தச் சதுரத்துக்கு அவ்வளவுதான் உலகம். பறவை பின்னால் எங்கோ உட்கார்ந்திருந்தது. கிளை அசையும் சத்தம். நகம் பட்டையைப் பற்றும் சத்தம். உயிரோடு இருக்கிறது. வந்திருக்கிறது. பசியோடு இருப்பவளுக்குச் சாப்பாட்டோடு வந்திருக்கிறது. வா. வா சாமி. ஒரு நிமிடம் போயிற்று. மூன்று நிமிடம். கூடாரத்தின் துணிமேல் பொத்தென்று ஏதோ விழுந்து உருண்டு ஓரமாக நின்றது. துணியின் விளிம்பைத் தூக்கிப் பார்த்தாள், பழுத்த அத்திப்பழம், இன்னும் ஈரமாக. எதிர் மரத்தில் கீறல் வழியாக அலகு நுனி வெளியே வந்துவிட்டது. உள்ளிருப்பவளுக்கும் கேட்டிருக்கிறது. நுனி நடுங்கியது. பின்னாலிருந்து அவன் வரவில்லை. ஐந்து நிமிடம், ஏழு நிமிடம். பிறகு ஒரு பெரிய காற்று, புஸ் புஸ் என்று தேய்ந்து, ஓடையைத் தாண்டி இல்லாமல் போயிற்று. அலகு நுனி இன்னும் சிறிது நேரம் வெளியிலேயே இருந்தது. அவனுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது என்ன? மரம் பழைய மரம். ஓடை பழைய ஓடை. அக்கா பழைய அக்கா. புதுசாக இருந்தது ஒன்றே ஒன்று, அது பச்சையாக, பாச்சை உருண்டை வாசனையோடு, நாலு முளையில் விறைப்பாக, அவளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது.

"அக்கா" என்றாள். உரக்கவே சொன்னாள். ருக்குமணி திடுக்கிட்டுத் திரும்பினாள், அரைத் தூக்கம். "இந்தத் துணிதானே?" ருக்குமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துணியைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?" கோபம் வந்துவிட்டது, இனிமேல் கோபப்பட வேறு ஆள் கிடைத்துவிட்டது என்று ஒரு கணம் மனசு துள்ளியது, அந்தத் துள்ளலை அவள் அங்கேயே பிடித்து உட்கார வைத்தாள். ருக்குமணி சொன்னாள்: "உறுதியாத் தெரியாது அம்மிணி. கழுகு அடிச்சிருந்தாலும் இப்படித்தானே இருக்கும். நேத்து எட்டு மணிக்கே லேசா தோணுச்சு. சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ளே நீங்க வந்து அந்தாளை ஒரு பிடி பிடிச்சீங்க பாருங்க. இந்தக் காட்டிலே ஒத்தைக் கொம்பன் யானையே அப்படித் துரத்தினதில்லே. அடுத்தது நான்தான்னு உள்ளே போயிட்டேன்." "அக்கா, நான் உங்களை அப்படி..." "புதன்கிழமை சொல்ல வந்தேன். நீங்களே பேசி முடிச்சிட்டீங்க." அது சரி. "அப்புறம் இன்னொண்ணு" என்றாள் ருக்குமணி, கொஞ்சம் வெட்கத்தோடு, "உள்ளே அட்டைக்கடி கம்மி. காலை நீட்டிச் சாய்ஞ்சுக்கலாம். நல்லாத்தான் இருந்துச்சு." அங்கயற்கண்ணிக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க வேண்டிய நேரமில்லை என்று தெரிந்தும் வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதே கால். ஜீப்புக்கு நேரத்தில் போய்ச் சேரப் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினால் போதும். "பிடுங்குங்கக்கா."

முளைகளைப் பிடுங்குவது அடிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. புதன்கிழமை அவள் கல்லால் அத்தனை ஆத்திரத்தோடு இறக்கியிருந்தாள். துணியைச் சுருட்டித் தூக்கிக்கொண்டுபோய், மரத்திலிருந்து தெரியாதபடி பாறைக்குப் பின்னால் போட்டார்கள். கூடாரம் நின்ற இடத்தில் புல் படுத்து வெளிறிக் கிடந்தது. நாங்கு மரத்து வேருக்கு வந்து உட்கார்ந்தபோது ஆகாயம் எவ்வளவு இருந்தது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தலையைத் திருப்பினால் திருப்பின பக்கமெல்லாம் காடு. ஆனால் இப்போது எல்லாம் தெரிகிற இடத்தில் அவளும் தெரிந்தாள். சட்டைக் காலரில் அழுக்கு, கணுக்காலில் ரத்தம், முகத்தில் இரண்டு நாள் தப்பு. தப்பு பண்ணினால் என்ன, பண்ணினதைக் கண்டுபிடித்தேனே, யாரும் சொல்லாமல் நானே கண்டுபிடித்தேனே, என்று மனசு உடனே ஒரு சிறு மேடை போட்டது. போடட்டும், அது அப்படித்தான், பிறவி குணம். கண்டுபிடித்தது பத்தாது என்பதும் அந்த மேடையிலேயே இன்னொருத்தி எழுந்து சொன்னாள். அவன் திரும்பி வரவேண்டும். ஒரு தடவை பயந்த இடத்துக்கு எதற்கு வரவேண்டும்? இன்று மாலைக்குள் வராவிட்டால் குஞ்சு இருக்காது. நாளைக்குள் வராவிட்டால் தாய், கட்டின சுவரைத் தானே உடைத்துக்கொண்டு வெளியே விழும், இறகில்லாமல், நாற்பதடி. இதைப் பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்து, தேர்வில் எழுதி, ஐந்துக்கு ஐந்து வாங்கியிருக்கிறாள்.

"இப்பப் போடலாமா?" என்று ருக்குமணி இடுப்பிலிருந்து வெற்றிலைச் சுருக்குப்பையை எடுத்துக் காட்டினாள். "போடுங்க. எனக்கும் ஒண்ணு குடுங்க." "உங்களுக்கு எதுக்கு, பல்லு கெட்டுப்போகும்." "கெடட்டும்." ருக்குமணி காம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள், "உங்க ஊர்ல எல்லாருமே இப்படித்தான் சண்டை போடுவாங்களா அம்மிணி?" "மதுரைக்கா. சண்டை போடலைன்னா உடம்புக்கு என்னமோன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவாங்க." "கட்டிக்கிறவன் பாவம்." "அவன் என்னைவிடப் பேசறவனாப் பாத்துக்குவேன்." "அப்ப பக்கத்து வீட்டுக்காரங்க பாவம்." சுண்ணாம்பு அதிகமாகி நாக்கு பொத்துக்கொண்டது. துப்பினாள். ருக்குமணி சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சரிவில் இறங்கி ஓடை வரைக்கும் போனது, புதன்கிழமையாக இருந்தால் அங்கயற்கண்ணி அதைக் குற்றப் பட்டியலில் சேர்த்திருப்பாள். மகன் விடுதிக்குத் திரும்பப் போனானா என்று கேட்டாள். போனான், மொட்டையோடு. பத்து மணி ஆயிற்று. பத்தே முக்கால் ஆயிற்று. பேசிக்கொண்டே இருந்தார்கள், பேச்சுக்கு அடியில் அவள் காது மட்டும் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. பதினொன்றேகால். சிங்கவால் குரங்குக் கூட்டம் ஒன்று மேல் கிளைகளில் கடந்துபோனது, குட்டி ஒன்று நின்று இவர்களை முறைத்தது. இதைப் பார்க்கத்தானே மூன்று பஸ் மாறி வந்தேன், இப்போது பார்க்கவே தோன்றவில்லையே.

பதினொன்றரைக்குச் சத்தம் வந்தது. ஓடையைத் தாண்டி, புஸ்... புஸ்... அங்கயற்கண்ணி, கல்லூரிப் பட்டிமன்றத்தில் பேச்சாளர்கள் ஒருவரையொருவர் எதிர்த்துக் கூவுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டாள். உடம்பு கல்லானது. ருக்குமணி தலையைத் திருப்பாமல், அதே குரலில், அதே வேகத்தில் சொன்னாள், "நிறுத்தாதீங்க. பேச்சு ஓடிக்கிட்டிருந்தா, சரி, இதுக அதுக பாட்டுக்கு இருக்குதுன்னு விட்டுடும். சட்டுன்னு நின்னா துப்பாக்கிக்காரன்னு நினைக்கும். பேசுங்க." "என்ன பேசறது?" "உங்களுக்கா சொல்லித் தரணும்?" பறவை கிளைக்கு வந்துவிட்டது. மஞ்சள் அலகை ஒரு பக்கம் சாய்த்து, சிவந்த ஒரு கண்ணால், கூடாரம் நின்ற வெளிறிய புல்லைப் பார்த்தது. பிறகு நாங்கு மரத்து வேரைப் பார்த்தது. அங்கயற்கண்ணி வாயைத் திறந்தாள். ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக உள்ளே ஒரு வாக்கியம்கூட இல்லை, துடைத்து விட்ட பலகை. ருக்குமணி முழங்கையால் இடித்தாள். அவள் பேச ஆரம்பித்தாள், மேடையில் பேசும் குரலில் இல்லை, மளிகைக் கடையில் சாமான் சொல்லும் குரலில். "அனுப்புநர், கா. அங்கயற்கண்ணி, முதுகலை விலங்கியல், இரண்டாம் ஆண்டு. பெறுநர், வனச்சரக அலுவலர் அவர்கள். ஐயா. பொருள், நேத்து நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுதல்." ருக்குமணி, "உம்" என்றாள். பறவை மரத்துக்குத் தாவி, பட்டையைப் பற்றி, வாலை மரத்தில் ஊன்றிக்கொண்டது. "திரு. சபாபதி என்பவர் வந்ததால்தான் ஆண்பறவை வரவில்லை என்று பொருள்படும்படி எழுதியிருந்தேன். அது உண்மையில்லை. அவர் கைப்பேசியில் குரல் போட்டது தப்புதான், அதை நான் இப்போதும் சொல்வேன், எப்போதும் சொல்வேன்." "அது கிடக்கட்டும், மேலே சொல்லுங்க." கழுத்து ஒரு தடவை விம்மியது. அலகு நுனியில் ஒரு பழம் வந்தது, கறுஞ்சிவப்பாக. கீறலுக்குள்ளிருந்து இன்னோர் அலகு நீண்டு, தவறவிட்டு, திரும்ப நீண்டு, வாங்கியது. "அவர் வருவதற்கு முன்பே, புதன் மாலை நாலு பத்துக்குப் பிறகு, பறவை வரவில்லை. அன்று மாலை கூட்டுக்கு எதிரே புதிதாகக் கூடாரம் போடப்பட்டது." "யாரு போட்டது?" இரண்டாவது பழம். மூன்றாவது. எங்கோ உள்ளே, கதவுக் கீல் மாதிரி, மெலிந்த ஒரு சத்தம். "கூடாரத்தைப் போடச் சொன்னது நான். காவலர் ருக்குமணி அவர்கள் சொல்ல வந்ததைச் சொல்ல விடாதது நான். தவறு என்னுடையது" என்றாள் அங்கயற்கண்ணி. பறவை அலகை நிறுத்தித் திரும்பிப் பார்த்தது.

"அப்புறம்?" என்றாள் ருக்குமணி.

"இதைச் சபாபதி அவர்களுக்கும் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று அவள் சொல்ல, அது நாலாவது பழத்தை நீட்டியது.